மூச்சைக் காக்கும் கை

திருக்கோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வழியில், கடற்கரையை அடுத்துள்ள ஊர் சாம்பல்தீவு. இத்தகைய ஊர்களிலே, இரவில் தரையிற் பாய் விரித்துத் துயில்வோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. பல் பட்ட இடத்தில் பெரும்பாலும் நோவு இல்லை, வீக்கமும் இல்லை. சில வேளை தழும்புதானும் தெரிவதில்லை. வயிற்று நோவென்று எழுந்தவர், விடியுமுன் கண்ணிமையைத் தூக்கமாட்டாது தவிப்பார். பின்னர் நாக்குக் குழறும். எச்சிலை விழுங்க இயலாது. ஈற்றில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும்.

இந்நஞ்சு நரம்பின் நுனியையே சிதைப்பது. நச்சுமுறி மருந்து குருதியில் உலவும் நஞ்சைக் கட்டுமேயன்றி, சிதைந்த நுனியைச் சீராக்காது. அது தானே தேறுவதற்கு நாட்கள் செல்லும். அந்நாட்களில் நோயாளியின் நெஞ்சுக்குள் காற்றை வேறொருவர் செலுத்திவந்தால், அவர் பிழைத்து எழுந்து வீடு செல்வார், செலுத்தாவிடின் இறப்பார். இன்னுமொரு கொடுமை உண்டு. கண்மணி விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்காது நிற்கும். பயிலாத கண் அவரைப் பிணமெனக் கருதிவிடலாம். அவரோ சுற்றி நிற்போர் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடத்தல் கூடும். விஷகடி வைத்தியரிடம் கழியும் நேரத்தைக் குறைகூறுவோர் பலர். வைத்தியசாலைப் படுக்கையருகே இழக்கப்படும் நிமிடங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

மூச்சு ஓய்ந்தோரை நாட்கணக்கில் கையால் காற்றூட்டிக் காக்க முடியும் என்பதைப் பேரளவிற் காட்டிய நகரம், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகன். 1952ஆம் ஆண்டில் அங்கே இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பிளெக்டாம் வைத்தியசாலையில் மூச்சுத் தசை சோர்ந்த முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்கமருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் முறையைக் காட்டினார். போதிய பொறிகள் இல்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, பகலிரவாய்ப் பையை அமுக்கினர். சாவு பெரிதும் குறைந்தது. அடுத்த ஆண்டிலேயே இப்சன் அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றை நிறுவினார். இன்று எங்கும் காணப்படும், தானே விரியும் ‘அம்பு’ பையும் 1956இல் அந்நாட்டிலேதான் தோன்றியது.

பை அமுக்குதல் எளிதெனத் தோன்றும். எளிதன்று. முகமூடி பொருந்தாவிடின் காற்று கன்னத்தருகே கசிந்துபோம். தாடையை முன்னே தூக்காவிடின் நாக்கு வழியை அடைக்கும். பதற்றத்தில் விரைந்து அமுக்கினால் வயிறு உப்பி, வாந்தி மூச்சுக்குழலிற் புகும். ஏட்டிற் படித்து இதனைக் கற்றல் அரிது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், தீவிர சிகிச்சைத் துறையில் வைத்தியர்களுக்கு உயர்பயிற்சி அளிக்கின்றது. அது வேண்டியதே. ஆயினும் நோயாளியின் தலைமாட்டில் இரவு முழுதும் நிற்பவர் தாதி. அவரை ஓராண்டுக்குத் தலைநகருக்கு அனுப்பினால், அவருடைய இரவுக் கடமையை ஏற்பவர் யார்? சிறிய வைத்தியசாலைகளில் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. விடுப்புக் கோரும் விண்ணப்பமும் அதனோடு நின்றுவிடுகிறது. இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு மாற்றாக, தீவிர சிகிச்சைத் தாதியர்க்கெனக் குறுகிய காலச் செய்முறைப் பயிற்சியொன்று இலங்கையிலேயே வகுக்கப்பட்டு, அதன் பயன் 2015இல் மருத்துவ இதழொன்றில் வெளியிடப்பட்டது. தாதியரே முன்னின்று தாதியர்க்குக் கற்பிப்பது அதன் சிறப்பு. தொழிலில் உள்ளோர்க்கு ஏற்றது இவ்வழியே. கற்றதை மறுநாளே தம் நோயாளியிடம் கையாளலாம், பிழை கண்டால் தமக்குள் திருத்திக்கொள்ளலாம்.

எனினும் இத்தகைய பயிற்சி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோடு நிற்றல் ஆகாது. சாம்பல்தீவிலிருந்து வருபவர் நேரே அப்பிரிவின் படுக்கையை அடைவதில்லை. அவரை முதலிற் காண்பவர் ஊர்ப்புற வைத்தியசாலையின் இரவுத் தாதியாகவோ, உதவியாளராகவோ இருப்பார். நோயாளர் வண்டி நகரை அடையும்வரை, அதன் பின்பகுதியில் அமர்ந்து, ஐந்தாறு வினாடிக்கு ஒரு தரம் பையை அமுக்கிக்கொண்டு வரவேண்டியவரும் அவரே.