திரை தரும் கால்பங்கு



ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது கால்பங்குப் புலமையே என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இணையவழிக் கல்வி சிறந்ததா, வகுப்பறைக் கல்வி சிறந்ததா என்னும் இன்றைய வினாவுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுப் பாடமொன்றைக் கட்டணமின்றி இணையத்தில் வழங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அனந்த் அகர்வால் அதனை நடத்திய பேராசிரியர்களுள் ஒருவர். ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றோர் ஏறத்தாழ 7,000 பேர். எந்த வகுப்பறையிலும் அடங்காத தொகைதான் அது. ஆயினும் வாயிலில் நுழைந்தோருள் வழி முடியும்வரை நடந்தவர் மிகச் சிலரே.

அவ்வாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் அப்பாடத்தையே வேறு வகையில் கையாண்டது. மாணவர் விரிவுரையை வீட்டிலேயே திரையில் கண்டனர். வகுப்பில் சிறு குழுக்களாக அமர்ந்து, ஆசிரியர் உடனிருக்கக் கணக்குகளைத் தீர்த்தனர். வழக்கமான வகுப்பில் பத்தில் ஆறு பேரே தேறிய பாடத்தில் பத்தில் ஒன்பது பேர் தேறினர்.

2013இல் அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி நிறுவனத்தோடு இணைந்து, மூன்று அடிப்படைப் பாடங்களை முற்றிலும் இணையவழியே நடத்தியது. சேர்ந்தவருள் முன்னர்க் கணிதத்தில் தவறியோர் இருந்தனர். பள்ளி மாணவரும் இருந்தனர். சிலருக்குக் கணிப்பொறி வசதியே இல்லை. தேர்ச்சி விழுக்காடு வகுப்பறை அளவினும் மிகத் தாழ்ந்தது. ஜூலையில் அம்முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது.

இவ்விரு முயற்சிகளின் மாணவரும் ஒரே தகுதியினர் அல்லர். ஆகவே பழி முழுவதையும் திரையின்மேல் சுமத்துதல் நேர்மையன்று. விரும்பியபோது நிறுத்தவும் மீண்டும் கேட்கவும் இடந்தருவதால், நன்னூல் கூறும் முதற் கால்பங்கைத் திரை நன்றாகவே தருகிறது. ஆனால் விளங்காதவன் முகம் வாடுவதை அது காண்பதில்லை. அவனருகே ஒரு தோழனை அமர்த்துவதுமில்லை.

செலவைக் குறைப்பதற்காக ஆசிரியரை நீக்கித் திரையை மட்டும் வைக்கும் பல்கலைக்கழகம், துணை மிகுதியும் வேண்டிய மாணவனையே கைவிடுகிறது. விரிவுரையைத் திரையிடம் ஒப்படைக்கலாம். அதனால் மிஞ்சும் வகுப்பு நேரமோ, மாணவர் வினவவும் தமக்குள் எடுத்துரைக்கவும் உரியதாதல் வேண்டும். எஞ்சிய முக்காற்பங்கும் அங்கேதான் விளையும்.