வீட்டுப் பட்டறையில் விழிப்பு



இன்றைய சுபாங் ஜெயா முன்பு சீபீல்டு தோட்டமாக இருந்தது. 1976-ஆம் ஆண்டில் அங்கே வீடமைப்பு தொடங்கியது. இப்படித் தோட்டங்கள் நகரங்களாக மாற மாற, நம் பிள்ளைகளின் கைத்தொழிலும் மாறியது. இன்று வீட்டு முன்புறத்திலேயே கிரைண்டரும் வெல்டிங் இயந்திரமும் வைத்து, இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்கிறவர்களைக் காண்கிறோம். நல்ல தொழில்தான். ஆனால் பால்வெட்டும் கத்தி தவறினால் உடனே இரத்தம் வந்து நம்மை எச்சரிக்கும். வெல்டிங் அப்படி எச்சரிப்பதில்லை.

வெல்டிங் ஒளியில் புறஊதாக் கதிர்கள் உண்டு. பார்க்கும்போது வலி தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடு இரவில், மணலைக் கொட்டியதுபோல் கண் எரியும். வேடிக்கை பார்த்த குழந்தைக்கும் இதே கதிதான். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதாது. வெல்டிங் முகமூடியே வேண்டும். எரிகிற கண்ணில் பாலோ வேறு கைமருந்தோ விடாமல், கசக்காமல், மருத்துவரிடம் செல்வோம்.

புகையும் அப்படியே. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தவருக்கு மாலையில் குளிர்காய்ச்சல் வரும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் அறிவித்தது. மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. பூச்சைச் சுரண்டிவிட்டு, திறந்த வெளியில், எழும் புகைக்குள் தலையை நீட்டாமல் வேலை செய்ய வேண்டும்.

இனி கிரைண்டர். சிறிய கிரைண்டரின் தட்டு நிமிடத்திற்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தட்டு உடைந்தால் துண்டு அதே வேகத்தில் பறக்கும். ஆகவே காப்பு மூடியைக் கழற்றலாகாது. விரிசல் கண்ட தட்டை எறிந்துவிட வேண்டும். தட்டில் அச்சிட்டுள்ள வேகம், இயந்திரத்தின் வேகத்திற்குக் குறைவாக இருக்கக் கூடாது. தட்டு மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, கண்ணாடி அணிந்து வேலை செய்ய வேண்டும். தொங்கும் கைலி ஆகாது.

தீப்பொறி நெடுந்தூரம் ஓடும். மோட்டார் சைக்கிளையும் எரிவாயுக் கலனையும் முதலில் அப்புறப்படுத்துவோம். எண்ணெய் இருந்த பழைய பீப்பாயை வெட்டவே கூடாது. காலியாகத் தோன்றினாலும் உள்ளிருக்கும் ஆவி வெடிக்கும். வேலை முடிந்த பின்னும் அரைமணி நேரம் சுற்றிலும் பார்த்திருப்போம்.

தாய்மார்களே, இயந்திரம் ஓடும் முன் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். கூலி நாளையும் கிடைக்கும். போன கண் திரும்பாது.