பம்பருக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு எழுத்து

இன்னைக்கு எபிசோட்ல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங் தூணில் உரசி, என் காரோட முன் பம்பர் ஓரம் விரிஞ்சு, அதைப் பிடிச்சிருந்த கிளிப்பும் உடைஞ்சிருச்சு. புதுசு மாத்தி பெயின்ட் அடிக்க ஆகிற செலவைக் கேட்டுட்டு, பேசாம வீட்டுக்கு வந்து சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. பெருமையா இருந்தது.

அடுத்த வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில், செங்கல்பட்டு தாண்டி 80-ல போறேன். 'டப்'னு ஒரு சத்தம். பம்பர் ஓரத்தில் ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் பறந்து, பின்னாடி வந்த பைக்குக்கு முன்னால விழுந்தது. அந்தத் தம்பி எப்படியோ வளைச்சுத் தப்பிச்சார். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "பார்த்துண்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து பம்பரைக் கழட்டிப் பின்பக்கம் பார்த்தேன். 'பி.பி.'ன்னு அச்சு குத்தியிருந்தது. பாலிப்ரொப்பிலீன். பெரும்பாலான பம்பர்கள் இந்த வகைதான். பசை பிடிக்கணும்னா முதல்ல அது பரப்பில் நல்லாப் பரவணும். பி.பி. மேல பரவாது, தாமரை இலைத் தண்ணி கதைதான். போதாக்குறைக்கு, சூப்பர் க்ளூ காய்ஞ்சா இறுகுமே தவிர வளையாது. ரோட்டு அதிர்வில் விட்டுடும்.

அதனால டியூபைத் திறக்கிறதுக்கு முன்னாடி பாகத்தைத் திருப்பி அந்த எழுத்தைப் படிங்க. 'ஏ.பி.எஸ்.'னு இருந்தா நல்ல செய்தி. சோப்புத் தண்ணியில் கழுவி, 120-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்ச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, ரெண்டு டியூப் கலக்கிற எபாக்ஸியைப் போடுங்க. பின்பக்கம் ஃபைபர் வலை ஒரு துண்டு வெச்சுப் பூசினா இன்னும் பலம். 24 மணி நேரம் தொடாதீங்க. விரிசல் மேல ஓடாம இருக்க, அதோட நுனியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு போட்டுட்டு ஒட்டணும்.

'பி.பி.'யா இருந்தா அதுக்குன்னு இருக்கிற பிரைமரை முதல்ல அடிக்கணும், இல்லன்னா உருக்கி ஒட்டணும். என் பம்பரைப் புதுப்பேட்டையில் ஒரு அண்ணன்தான் சரி பண்ணினார். சூடான ஸ்டீல் பின்களை விரிசலுக்குக் குறுக்கே பதிச்சு, மேல பி.பி. குச்சியை உருக்கி நிரப்பினார்.

'பி.ஏ. 66'னு இருந்தா அது நைலான். ரேடியேட்டரோட பிளாஸ்டிக் தொட்டியில் இதைப் பார்க்கலாம். உள்ளே கொதிக்கிற சூட்டில் அழுத்தத்தோட கூலன்ட் ஓடுது. அங்கே பசையே வேண்டாம், மாத்திடுங்க.

இப்போ எதை ஒட்டினாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்: இது பிச்சுக்கிட்டு வந்தா யாருக்கு அடிபடும்? ஏ.சி. வென்ட் இறக்கை, டேஷ்போர்டு மூடி, கப் ஹோல்டர்... யாருக்கும் இல்ல, தைரியமா ஒட்டுங்க. பம்பர், கண்ணாடிக் கூடு மாதிரி வெளியே இருக்கிறதுன்னா, ஒட்டினப்புறம் கையால நல்லா இழுத்துப் பார்த்துட்டு ரோட்டுக்குப் போங்க. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் பைப், ஏர்பேக் மூடி, இந்த நாலு பக்கம் பசையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மிச்சமாகிற காசு நம்மளோடது. அடிபடுறது பின்னாடி வர்றவங்களா இருக்கக் கூடாது. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.