பாடநூலுக்கு அப்பால் நுண்கணிதம்



பாடத்திட்டத்தில் இல்லாத நுண்கணித முறைகளைப் பள்ளி மாணவர் கற்பதால் பயன் உண்டா எனத் தம்பி ஒருவர் வினவினார். பணம் கட்டிப் பயில்வோருக்குக் கிடைப்பது நமக்குக் கிட்டவில்லையே என்ற ஏக்கமும் அவ்வினாவில் இருந்தது. பயன் உண்டு. எனினும், நமக்கு மறுக்கப்பட்டவை யாவும் உயர்ந்தவை என்று எண்ணிவிடலாகாது.

லோபிதால் விதியைக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் அதனைப் பதினொன்றிலேயே குறுக்குவழியாகக் கற்போர் உளர். கோணம் பூச்சியத்தை நெருங்கும்போது, சைன் மதிப்பைக் கோணத்தால் வகுத்துப் பெறும் எல்லை 1 என நொடியில் எழுதிவிடுவர். விடை சரியே. ஆனால், சைனின் வகைக்கெழு கொசைன் என்று நிறுவுவதற்கே அந்த எல்லை வேண்டுமே! நிறுவ வேண்டியதையே சான்றாக நிறுத்துகின்றனர். கொள்குறி வினாவில் இது வெளிப்படாது. கல்லூரியில் காரணம் கேட்கும்போது வெளிப்படும். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அத்தடுமாற்றம் பெருஞ்சுமை.

இனி மற்றொரு முறை. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் காமாத் தொகையில் காரணீயப் பெருக்கம் எங்கிருந்து முளைக்கிறது? ‘அ’ ஒரு மிகை எண் என்க. ‘ஈ’ என்னும் எண்ணின் அடுக்கில் எதிர்க்குறியுடன் ‘அ’ பெருக்கல் எக்ஸ் அமைந்த சார்பை, பூச்சியம் முதல் முடிவிலி வரை தொகையிட்டால், 1-ஐ ‘அ’-வால் வகுத்த ஈவு கிட்டும். இருபுறமும் ‘அ’-வைப் பொறுத்து மீண்டும் மீண்டும் வகையிடுங்கள். ஒவ்வொரு முறையும் இடப்புறம் ஓர் எக்ஸ் கூடும். வலப்புறம் 1, 2, 3 என எண்கள் பெருகிவரும். குறிகள் இருபுறமும் ஒத்துப்போகும். ‘அ’-வை 1 எனக் கொண்டால் காரணீயப் பெருக்கம் கண்முன் நிற்கும். மனப்பாடம் செய்த வாய்பாடு அன்றுதான் நம்முடையதாகிறது.

1965இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபெயின்மன், நியூயார்க்கில் பள்ளி மாணவராக இருந்தபோது இம்முறையைக் கற்றார். வகுப்பில் பேசிக்கொண்டேயிருந்த அவரிடம் இயற்பியல் ஆசிரியர் மேனிலை நுண்கணித நூலொன்றைக் கொடுத்து, பின்னால் அமர்ந்து படிக்கச் சொன்னாராம். அவரது திறமையைக் காட்டிலும், அந்நூலைக் கையில் கொடுத்த ஆசிரியரே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறார்.

நம் கழக நூலகத்தில் வினா-விடைத் தொகுப்புகளே மிகுதி. அத்தகைய நூல்கள் இரண்டு மூன்றேனும் வாங்குவோம். ஞாயிறு மாலைகளில் கணிதம் பயின்ற நம் பட்டதாரிகள் மாணவருடன் அமர்ந்து அவற்றைப் படிக்கட்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களில் மட்டும் இது வேண்டாம். அப்போது பாடநூலே போதும். வர இசைவோர் இன்றே செயலாளரிடம் பெயர் தரலாம்.