கைராசியும் ரிக்கற்றும்

(எமது பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிலில் வெற்றி பெறுவது எப்படி?" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். அதற்கு விடை தெரிந்திருந்தால் நான் இப்போதும் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டேன். ஆகையால் தலைப்பைச் சற்று மாற்ற அனுமதி வாங்கிக்கொண்டேன். தொழிலுக்கென்று விதித்த ஒழுக்கம் ஒன்று உண்டு. வீட்டிலும் கோயிலிலும் கற்ற நல்லது கெட்டது வேறொன்று. ஊர் எங்களைப் பற்றிப் பேசும் பேச்சு மூன்றாவது. இந்த மூன்றும் ஒரு வைத்தியரை மூன்று பக்கமாக இழுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வன்னியில் ஒரு வைத்தியருக்கு ஊர் கொடுக்கும் மிகப் பெரிய பட்டம் "கைராசி". எத்தனை பரீட்சை எழுதினாலும் அது இல்லாவிட்டால் சனல் பண்ண ஆள் வராது. சரி, அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது? காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவரும் தாய்க்கு அன்றிரவே காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்கினால் கைராசி. "பரசிட்டமோல் குடுங்கோ, தண்ணி குடுங்கோ, மூண்டாம் நாள் இரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொன்னால், வாசலைத் தாண்டும்போதே, "உதைச் சொல்லவோ காசு வாங்கினவ?" என்று கேட்கும்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 2017இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டைக்ளோபினாக் போன்ற மருந்துகள் காய்ச்சலை விரைவாக இறக்கிவிடும். ஆனால் டெங்குவாக இருந்தால் அதே மருந்து இரத்தப்பெருக்குக்கு வழிவிடும். அதனால்தான் அதைக் கொடுக்கக்கூடாது என்று எங்கள் வழிகாட்டல்கள் சொல்கின்றன. இதைவிடச் சிக்கலான விடயம் ஒன்றும் இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் பல வேளைகளில் ஆபத்துத் தொடங்கும் நேரம். இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியும், நாடித்துடிப்பு மாறும், பிள்ளை மட்டும் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். ஊர் "சுகம்" என்று எண்ணும் அதே மணித்தியாலத்தில் வைத்தியர் பயப்பட வேண்டும். ஊரின் கண்ணும் தொழிலின் கண்ணும் இவ்வளவு எதிராகப் பார்க்கும் வேறொரு நோய் என் அனுபவத்தில் இல்லை.

சிறிய பிரதேச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்த காலத்தில், காய்ச்சல் விட்ட ஒரு சிறுவனை இரவோடிரவாக அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பிள்ளை முற்றத்தில் நடந்துதான் வண்டியில் ஏறினான். "நடக்கிற பிள்ளையை ஏன் ஏத்துறா? கை வைக்கப் பயம் போல" என்று அடுத்த நாளே பேச்சு. ஐந்து நாளில் பிள்ளை சுகமாகத் திரும்பிவந்தான். கைராசி பெரிய வைத்தியசாலைக்குப் போனது. என்னிடம் வருவோர் தொகை சில மாதங்களுக்குக் குறைந்தது. ஆனால் அங்கிருந்த விசேட வைத்திய நிபுணர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பிள்ளையின் ரிக்கற்றில், அதாவது வாட்டில் கட்டிலோடு இருக்கும் நோயாளர் பதிவில், மணிக்கு மணி நான் குறித்திருந்த நாடி, அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாவற்றையும் வாசித்ததாகச் சொன்னார். பாராட்டு என்று ஒரு சொல்லும் இல்லை. அடுத்த முறை திரவக் கணக்கை இன்னொரு விதமாக எழுதச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஊர்ப்பேச்சு ஒரு சிறுவனோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. எங்கள் மண்ணில் அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை 2009இல் கண்டோம். வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலியோர் அரச உத்தியோகத்தர்கள். விட்டுப் போக முடிந்த காலத்தில் போகாமல் நோயாளரோடு நின்றவர்கள். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம்பெயர்ந்துகொண்டே போனது. பாடசாலைக் கட்டடம் வாட்டு ஆனது. அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக 13,000 இற்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. காயப்பட்டோர், நோயாளர், கூடச் சென்றவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் அடக்கம். கரையில் காத்திருந்தவர்களோ அதைவிட அதிகம். யாரை முதலில் ஏற்றுவது என்ற கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் ஆறுதலான விடை இல்லை. நான் அப்போது தென்னிலங்கையில் உள்ளகப் பயிற்சியில் இருந்தேன். என் உறவினர் பலர் உள்ளே இருந்தார்கள்.

மே மாதத்தில் அந்த வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். யூலை 8ஆம் திகதி கொழும்பில் ஊடகவியலாளர் முன் கொண்டுவரப்பட்டு, தாம் முன்னர் வெளியிட்ட இழப்புக் கணக்குகள் சரியல்ல என்று சொன்னார்கள். ஓகஸ்டில் பிணையில் விடப்பட்டார்கள். நேற்றுவரை அவர்களைத் தூக்கி வைத்துப் பேசியவர்களில் சிலர் அன்று முகத்தைத் திருப்பினார்கள். நேற்றுவரை பொய்யர் என்றவர்கள் அன்று கைதட்டினார்கள். காவலில் இருந்து பேசிய சொல்லை எடைபோட எனக்கு உரிமையில்லை, அப்படி எடைபோடும் ஒருவரை நான் நம்புவதும் இல்லை. அவர்கள் தைத்த காயங்கள் இன்றும் எங்கள் கிளினிக்குக்கு வருகின்றன. வயிற்றில் பழைய தழும்போடு வருபவரிடம் "இது எங்கே செய்தது?" என்று கேட்டால், "மாத்தளனில, டொக்டர்" என்பார். தழும்பைப் பார்த்தால் தையல் போட்டவரின் நிதானம் தெரியும். வைத்தியர் சத்தியமூர்த்தி பின்னர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராக வந்தார்.

எங்களுக்கு நடந்தால் மட்டுமே அநியாயம் என்று எண்ணக்கூடாது என்பதற்காக இன்னொருவரின் கதையையும் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முன்பக்கத்தில் எழுதியது. குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதுசெய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது பிள்ளை தங்காத ஒரு பெண்ணுக்கு அப்படியொரு செய்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தொழிலுக்குள் இருந்துகொண்டே அவருக்கு எதிராகப் பேசியவர்களைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. சிசேரியன் மேசையைச் சுற்றி உதவி வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், தாதியர் என்று எத்தனை கண்கள் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்தக் கண்களிடம்தான் போய்க் கேட்டது. கூட வேலை செய்த பணியாளர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று யூன் மாதத்திலேயே நீதிமன்றுக்கு அறிக்கை போனது. அன்றைய சூழலில், தான் கண்டதைக் கண்டபடி சொல்ல ஒரு தாதிக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! அவர்களின் பெயர் எந்த முன்பக்கத்திலும் வரவில்லை. யூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. மீண்டும் வேலைக்கு வர 2022 ஆகிவிட்டது. நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடு இருந்த ஆண்டு அது. நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாயை மருந்து வாங்கும்படி சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

இனி, தங்கைமாருக்கு மட்டும் ஒரு விடயம். அக்காமாரும் கேட்கலாம். பெண்பிள்ளை வைத்தியராக வந்தால் ஊர் அவளைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணும். அதில் சுகமும் உண்டு, சிக்கலும் உண்டு. ஒருநாள் என் சொந்த மாமி வந்து, "பிள்ளை, அந்தப் பெட்டை உன்ரை கிளினிக்குக்கு வாறவளாமே? தம்பிக்குப் பேசுறம். வலிப்பு வருத்தமோ எண்டு மட்டும் சொல்லு" என்றார். மாமி கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. உண்மையை மறைத்துக் கல்யாணம் செய்வது பாவம் என்று எங்களை வளர்த்தவரே அவர்தான். வீட்டு அறம் "சொல்லு" என்கிறது. தொழில் ஒழுக்கம் "வாயைத் திறக்காதே" என்கிறது.

"அவவுக்கு ஒண்டுமில்லை, மாமி" என்று சொல்லிவிட்டால் என்ன, உண்மையாகவே வருத்தம் இல்லாத பிள்ளையாக இருந்தால்? அங்கேதான் கண்ணி இருக்கிறது. இன்றைக்கு ஒருத்திக்கு "இல்லை" என்று சொன்னால், நாளைக்கு இன்னொருத்தி விடயத்தில் நான் பேசாமல் இருப்பதே "ஓம்" என்று ஆகிவிடும். ஆகவே எல்லோரைப் பற்றியும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நான் ஆரைப் பற்றியும் சொல்லுறதில்லை, மாமி." அடுத்த தைப்பொங்கல்வரை மாமி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "அவளிட்ட ஒண்டும் பிடுங்கேலாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த முறைப்பாட்டைக் கேட்டுவிட்டு, பக்கத்து ஊர்களில் இருந்தும் சில பெண்கள் பேருந்து ஏறி என்னிடம் வந்தார்கள். யார் எதற்காக வந்தார்கள் என்பதை, மன்னிக்கவும், இங்கேயும் சொல்ல மாட்டேன்.

லீவுக்காகப் பொய் மெடிக்கல் கேட்டு வருவோரைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்திலேயே கேட்டவர்கள் இருக்கிறீர்கள். கொடுக்காதபடியால் எனக்குத் தலைக்கனம் என்ற பெயர் இருப்பதும் தெரியும்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதிக்கு வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரும் இங்கே சந்தைக்குப் போய்வரும் அக்காமாரும் தங்களால் இயன்றதைத் தந்திருக்கிறார்கள். எங்கள் சங்கத்துக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி நாங்கள் இருந்துவிடக்கூடாது. எந்த வகுப்பறைக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகளின் பெயர் போடாமல் எழுதி, அலுவலக வாசல் பலகையில் மாதாமாதம் ஒட்டுங்கள். பொருளாளர் அக்கா கொப்பியைத் தூக்கிக் காட்டுகிறார். எழுதித்தான் வைத்திருக்கிறார் போலும்.