பீங்கான் துடைக்கும் துணி

பீங்கான் துடைக்கும் கைத்தறித் துணிக்கு இத்துணை விலையா என்று கடையில் வாதிட்டவர்களுள் நானும் ஒருவன். குருநாகலை அடுத்த வந்துராகலவில், 1991ஆம் ஆண்டு 15 பெண்களுடன் தோன்றிய செலின் நிறுவனம், நியாய வர்த்தக நெறிப்படி இத்தகைய வீட்டுத் துணிகளை நெய்விக்கின்றது. அந்நெறி யாது?

தறி யாருடையதாயினும் முதலில் வேண்டியது நூல். நூலுக்கு வேண்டியது பணம். பாவோட்டித் தறியிலேற்றி, ஊடை செலுத்தி நெய்த துணி விலைபோகும் வரை நெய்தவள் வீட்டு அடுப்பும் எரியவேண்டுமன்றோ? முன்பணமில்லாத தறிக்காரி வட்டிக்காரன் வாசலை மிதிப்பது அவ்வேளையிலேதான். ஆகவே, கைப்பணியாளர் கேட்பின், வாங்குவோர் விலையிற் பாதியையேனும் வட்டியின்றி முன்கூட்டியே கொடுத்தல் வேண்டுமென உலக நியாய வர்த்தக அமைப்பு விதித்துள்ளது.

இதனை அறிந்தபின் நான் விலை குறைக்கக் கேட்பதில்லை. நெய்தவளுக்கு முன்பணம் கிடைத்ததா என்றே கேட்கின்றேன். பல கடைக்காரருக்கு விடை தெரிவதில்லை.