நெல் தூசியும் நம் நுரையீரலும்

(நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால், கொள்முதல் நிலையத்திலும் ரைஸ் மில்லிலும் சுணை பறக்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு, நம் வீட்டு வேலைக்கு வருபவர்களின் குடும்பங்களிலும் உண்டு. "நெல்லுத் தூசிதானே, குளித்தால் போய்விடும்" என்போம். உடம்பில் ஒட்டிய சுணை போய்விடும். நுரையீரலின் ஆழம்வரை சென்ற நுண்தூசி குளித்தால் போகாது.

இது புதுச் செய்தியும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே, தானியம் சலிப்பவர்களுக்கு வரும் இருமலையும் மூச்சிரைப்பையும் எழுதியிருக்கிறார்.

நெல் தூசியில் உமித்துகள், தவிடு, மண், பூஞ்சை எல்லாம் கலந்திருக்கும். கொதிகலனில் எரித்த உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. வெப்பம் மிகுந்தால் அதில் ஒரு பகுதி படிகமாகிவிடும். படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அறிவித்தது.

உங்களுக்கு ஒரு கேள்வி. லீவு நாளில் இருமல் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிறதா? அப்படியானால் மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாதீர்கள், என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் வலி இல்லை. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் படியும் என்95 முகக்கவசம் தடுக்கும்.

நம் வளாகமும் சிலருக்கு வேலையிடம்தான். கார் நிறுத்துமிடத்தைப் பெருக்கும் அம்மாவுக்கு முகக்கவசம் வாங்கித் தருவோம். தண்ணீர் தெளித்த பிறகே பெருக்கச் சொல்வோம். இதை இன்றே முடிவு செய்யலாமா?